ஆர்லிஸ் அக்கா எழுதிய நான்கு பக்கம்

"செனட்டர் இன்னும் முடிவெடுக்கலைங்க." மூன்று வாரமாக இதையே போனில் சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வற்றிவிட்டது. அதிபர் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த நீதிபதி வெயின்ரைட், முன்பு தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்று அவரிடம் வேலை பார்த்த ஒரு பெண் செனட் விசாரணையில் சொல்லியிருந்தாள். அவரை அமர்த்துவதா என்று செனட் சபை வாக்களிக்க வேண்டும்; நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. மினாட் நகரத்தில் செனட்டர் ஹால்வர்சனின் அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளுக்கெல்லாம் பதில் சொல்ல நான் ஒருத்திதான்.

"அந்தப் பொம்பளைக்கு எவன் குடுத்த காசு?" என்று ஒருவர் கத்துவார். அந்தப் போனை வைத்தால், "உங்க ஆளுக்குப் பொண்ணு புள்ளைங்களே கெடையாதா?" என்று அடுத்தவள் அழுவாள். ஆதரவா, எதிர்ப்பா என்று ஒரு கோடு போட்டுவிட்டு இருவருக்கும் ஒரே நன்றியைச் சொல்வேன். நல்ல பிழைப்பு!

அந்த ஞாயிறு தேவாலயத்தில் ஆராதனை முடிந்து காரருகே வரும்போது, என் அக்கா ஆர்லிஸ், ஒட்டிய உறை ஒன்றை என் கையில் திணித்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் நின்றவள். எதற்கும் கலங்க மாட்டாள். அன்று என் கண்ணைப் பார்க்காமலே பேசினாள்.

"வெர்னா, இதுல நாலு பக்கம் இருக்கு. பத்தொம்போது வயசுல, தானியக் கிடங்கு ஆபீஸ்ல எனக்கு நடந்தது. உங்க செனட்டர் கையிலயே குடு. படிச்சார்னா அந்த ஆளுக்கு ஓட்டுப் போட மாட்டார்."

"என்னக்கா சொல்ற? எங்கிட்டகூட சொல்லலையே!"

"நீ படிக்காத. படிச்சா உன் மூஞ்சியில என்னால முழிக்க முடியாதுடி."

வியாழக்கிழமை செனட்டர் வந்தார். பின்னால் கேமராக்காரர்கள். நான் வழிமறித்து நின்று, "எங்க அக்கா எழுதினது, நீங்களே படிக்கணும்" என்றேன். "கண்டிப்பா, வெர்னா" என்று வாங்கியவர், நடையை நிறுத்தாமலே அதைப் பின்னால் வந்த மேலாளர் டேலிடம் நீட்டினார். டேல் அதை, வந்து குவிந்த மற்ற கடிதங்களோடு பெட்டியில் போட்டான். ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்க வேண்டும். போன் அடித்தது, எடுக்கப் போய்விட்டேன். இன்றுவரை அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை அவர் வெயின்ரைட்டுக்கு ஆதரவாக வாக்களித்தார். இரண்டே வாக்கு வித்தியாசத்தில் அந்த ஆள் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

பத்து நாள் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. எந்த முகத்தோடு போவது? பதினோராம் நாள் அவளே கூப்பிட்டாள். பயந்துகொண்டே போனேன். கதவைத் திறந்தவள் முகத்தில் கோபம் இல்லை. கையில் செனட்டரின் முத்திரையிட்ட தாள் இருந்தது.

"பதில் போட்டிருக்கார்டி! கேளு. 'உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். அதை எழுத எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை உணர்கிறேன்.' ரெண்டு தடவ படிச்சிருக்காரு!"

அந்த இரண்டு வரியும் நான் எழுதியவை. தங்களுக்கு நேர்ந்ததை எழுதிய பெண்கள் முந்நூறு பேருக்கும் ஒரே பதில் போக வேண்டும் என்று சொல்லி, "கொஞ்சம் மனசைத் தொடுற மாதிரி எழுதிக் குடு" என்று வாக்கெடுப்பு முடிந்த மறுவாரம் டேல் கேட்டிருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டது இயந்திரம். கடிதங்களின் முதல் பத்தியைப் பார்த்துப் பிரித்ததோடு சரி, யாரும் எதையும் முழுதாகப் படிக்கவில்லை.

"ஓட்டு எப்படியோ போகட்டும்" என்றாள் அக்கா. "நாப்பது வருஷத்துல ஒரு மனுஷனாவது கடைசிவரைக்கும் கேட்டுட்டான்ல. ஆமா, படிக்கும்போது நீ பாத்தியா? மொகம் எப்படி இருந்துச்சு?"

பாவி நான், என்ன சொல்வேன்?

"ஜன்னலோரமா உக்காந்து படிச்சாருக்கா. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. அப்புறம் மொதப் பக்கத்துலேர்ந்து மறுபடி படிச்சாரு."

அக்கா தலையாட்டிக்கொண்டே அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அடுப்பிலிருந்து கறியும் உருளைக்கிழங்கும் எடுத்து இரண்டு தட்டில் வைத்தாள். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து அவள் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.