பனியில் பொரித்த புழு

சுல்தானின் படை மேற்கிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் ஷாவின் படை சண்டை போடவில்லை. பின்வாங்கியது. போகிற வழியில் களத்து நெற்போருக்கும் கோதுமைக்கும் தீ வைத்தது. கிணறுகளில் கழுதைப் பிணங்களைப் போட்டது. ஊர் ஊராக ஆர்மீனியர்களைக் கிளப்பி அராஸ் ஆற்றுக்குள் இறக்கியது. எதிரிக்கு ஒரு பிடி தானியமோ அதை அரைக்க ஒரு கையோ மிஞ்சக் கூடாதாம்.

ஷுஷானின் கொழுந்தன் ஆற்றோடு போனான். அவன் மனைவி நாசெனி கைக்குழந்தையோடு கரையேறினாள். பின்னாலேயே ஷுஷானும் அவள் கணவன் அவெதிக்கும். ஷுஷானின் கொண்டைக்குள் ஒரு சின்னத் துணிப்பை நனையாமல் இருந்தது. கசகசாவைப் போலப் பட்டுப்புழு முட்டைகள்.

"எத்தனை அடுப்பு?" என்று கேட்டான் ஷாவின் எழுத்தன். அடுப்புக்கு ஒரு படி மாவு கொடுத்தார்கள்.

ஒரே சட்டியில் தின்ற குடும்பம்தான். ஆனாலும் ஷுஷான் முந்திக்கொண்டு, "ரெண்டு" என்றாள்.

அவள் கொண்டையிலிருந்து எடுத்துக் காட்டிய பையை அவன் பார்த்தான். "பட்டு தெரிஞ்சவங்க தெற்கே, தலைநகருக்கு. மத்தவங்க சதுப்புக் காட்டுக்கு. வசந்தத்துல இது பொரிக்கணும். பொரிக்கலேன்னா நீங்களும் காட்டுக்குத்தான்."

சதுப்புக் காட்டுக்குப் போனவர்களைக் காய்ச்சல் தின்றுகொண்டிருந்தது.

குளிர்கால முகாமில் ஷுஷான் பையைக் கூடாரத்துக்கு வெளியே உறைபனியில் தொங்கவிட்டாள். புழு தின்னும் முசுக்கொட்டை இலை துளிர்க்கும்வரை முட்டை குளிரில் தூங்க வேண்டும். அப்புறம்தான் பெண்கள் அதை மார்போடு வைத்துப் பொரிக்க வைப்பார்கள். புழு அறைக்குள் ஆண்கள் கால் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

தை பிறந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பதினெட்டு நாள் நினைவில்லை. கண் திறந்ததும், "பை எங்கே?" என்றாள்.

அவெதிக் பெருமையாகச் சட்டையைத் திறந்தான். "நீ படுத்ததுலேர்ந்து கழட்டவே இல்ல. திருட்டுப் பயம் வேற. குளிர்ல செத்துடும்னு நெஞ்சோட வச்சிருக்கேன்."

அவள் பிரித்தாள். கறுப்பு நூல் துணுக்குகளாகப் புழுக்கள் நெளிந்தன.

"யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"நீங்கள்லாம் மார்ல வச்சுக்குவீங்கல்ல, பாத்திருக்கேனே."

"எந்த மாசம்னு பாத்தீங்களா?"

"அத்தான் அடைகாத்திருக்காரு" என்றாள் நாசெனி. "இனி கொக்கரிக்கிறதுதான் பாக்கி." சொன்னவளே சிரிக்கவில்லை. வெளியே முழங்கால் பனி. எந்த மரத்திலும் இலை இல்லை.

இலை இல்லாமல் புழு மூன்று நாள்தான் உயிரோடு இருக்கும். ஷுஷான் எழுந்து, கூடாரக் கம்பைப் பிடித்தபடி, "இப்பவே காட்டிடுவோம்" என்றாள்.

எழுத்தன் வாயைப் பிளந்தான். "பனியிலயா?"

"எங்க ஊர்ப் புழு அப்படிங்க."

"அப்ப பொரிச்ச அடுப்பு நாளைக்கே தெற்கே கிளம்பட்டும். அங்க இலை இருக்கும். இன்னொரு அடுப்பு காட்டுக்கு."

"ரெண்டும் ஒண்ணுதாங்க. என் கொழுந்தன் பொண்டாட்டி இவ."

அவன் ஏட்டைப் புரட்டினான். "ரெண்டு அடுப்புன்னு நீதானேம்மா சொன்னே? மாவும் ரெண்டு படி வாங்கித் தின்னாச்சு. இப்ப ஒண்ணுங்கிறே. சொல்லு, யாரு பொரிச்சது?"

ஷுஷான் கணவனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது. நாசெனியின் தோளில் குழந்தை இருமியது.

"இவதான் பொரிச்சா" என்றாள் ஷுஷான்.

"அக்கா, எனக்கு இலை நறுக்கக்கூடத் தெரியாது" என்று முணுமுணுத்தாள் நாசெனி.

"வாயை மூடு." பையை நாசெனியின் ரவிக்கைக்குள் திணித்து, காதோடு சொன்னாள்: "நாலாம் நாள் செத்துடும். பையைத் திறக்காதே, யார்கிட்டயும் காட்டாதே. தெற்கே நம்ம பொம்பளைங்க இருப்பாங்க. யார் காலிலயாவது விழுந்து ஒரு பிடி முட்டை வாங்கி உள்ளே போட்டுக்கோ. அதைக் குளிர்ல வை. கேட்டுக்கிட்டியா? குளிர்ல."

மறுநாள் தெற்கே ஒரு வரிசை போனது, வடக்கே சதுப்புக் காட்டுக்கு ஒரு வரிசை. வடக்கு வரிசையில் அவெதிக் நடந்தான். நூறு அடிக்கு ஒரு தடவை அவன் கை நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டது. ஷுஷான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.