தீக்குச்சியில் சுற்றிய நூல்

தீபாவளி முடிந்து ஒரு வாரமாகியும் சகாயசெல்வியின் வலது கட்டைவிரல் மடங்க மறுத்தது. எழுபத்து மூன்று ரவிக்கை! பண்டிகை என்றைக்கு என்று காலண்டரில் வருஷம் முழுக்கத் தொங்கினாலும், கடைசி மூன்று நாளில் துணியைக் கொண்டுவந்து தலையில் கட்டிவிட்டுப் போகிற திண்டுக்கல் ஜனங்களை என்ன சொல்ல? முடியாது என்று சொல்லத் தெரியாமல் வாங்கி வைத்துக்கொண்ட தன்னைத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கையோடுதான் வெள்ளிக்கிழமை காலை நத்தம் சாலையில் போகிற டவுன் பஸ்ஸைப் பிடித்து, அகதிகள் முகாமில் வந்து இறங்கினாள்.

ஐந்து வருஷமாக அங்கே தையல் வகுப்பு எடுக்கிறாள். ஒரு தொண்டு நிறுவனம் முகாமுக்கு ஆறு மெஷினையும் அவளையும் கொடுத்திருந்தது. ஆறில் இரண்டு மெஷின் ஓடும். இந்த 2003-ஆம் வருஷம் புதிதாக ஒரு யோசனை வந்தது. இலங்கையிலிருந்து வந்த பெண்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு முழத் துணியில், ஊரை விட்டு வந்த கதையை நூலால் படமாகப் போட வேண்டும். பன்னிரண்டையும் ஒன்றாக மூட்டி சென்னையில் கண்காட்சிக்கு வைப்பார்களாம். நிறுவனத்து மதியழகன் சனிக்கிழமை காலை ஜீப்போடு வந்துவிடுவார்.

ஒருத்தி கிணற்றைப் போட்டாள். ஒருத்தி, அவிழ்த்துவிட மறந்து வந்த ஆட்டைப் போட்டாள். கண்ணை மட்டும் மூன்று தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தாள். லூர்தம்மாள் படகைப் போட்டாள்.

லூர்தம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயசு. மன்னார்ப் பக்கம் பேசாலைக்காரி. 1990-இல் படகேறியபோது, பதினாறு வயசு மகன் ஜெயசீலன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். தள்ளிவிட்டுத் தாவி ஏற வேண்டும். அதற்குள் கரையில் சுட ஆரம்பித்தார்கள். படகுக்காரன் நிறுத்தவில்லை. ஜெயசீலன் நின்றானா, விழுந்தானா, நீந்திக் கரையேறினானா, ஒன்றும் தெரியாது. கடிதம் போடாத இடமில்லை. பதில் சொன்னவர்களும் தெரியாது என்றுதான் சொன்னார்கள்.

துணிமூட்டையில் அவன் கட்டிய நீலக் கட்டம் போட்ட சாரம் ஒன்று கூடவே வந்துவிட்டது. நாம் கைலி என்கிறோம், அவர்களுக்கு சாரம். அதிலிருந்து ஒவ்வொரு நூலாக உருவித்தான் அவனை மட்டும் தைத்தாள். முதல் வாரமே ஒரு சட்டமும் சொல்லிவிட்டாள்.

"செத்தவைக்குப் பின்னால முடிச்சுப் போட்டு நூலை வெட்டுவன். இவருக்குப் போட்டிட்டன்." ஊரிலேயே சுடப்பட்டுச் செத்த கணவர் யோசேப்பைத் துணியில் தொட்டுக் காட்டினாள். "இவனுக்கு முடிச்சும் இல்லை, வெட்டும் இல்லை."

ஆகவே துணியின் பின்பக்கம், ஜெயசீலன் நிற்கிற இடத்திலிருந்து ஒன்றரைச் சாண் நூல் தொங்கும். சிக்காமலிருக்க அதைத் தீக்குச்சியில் சுற்றி வைத்திருந்தாள். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் துணியை மார்போடு அணைத்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவாள். டீச்சரை நம்பிக்கூட விட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விட வேண்டியதாகிவிட்டது. முகாமில் ஆள் கணக்கெடுப்பு. குடும்பத்தோடு வரிசையில் நிற்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். பெண்கள் எல்லாரும் எழுந்து ஓடினார்கள்.

"பின்னால தீக்குச்சி தொங்குது. பாத்துக்கொள் பிள்ளை."

"பாத்துக்கறேங்க்கா. நீங்க பதறாமப் போயிட்டு வாங்க."

பாவி, வாயால் சொன்னாள்.

மின்விசிறி ஓடவில்லை. சகாயசெல்வி பன்னிரண்டு துணியையும் குப்புறப் போட்டு, சின்னக் கத்தரியால் பிசிறு வெட்ட உட்கார்ந்தாள். பின்பக்கம் தொங்குகிற உபரி நூலை ஒட்ட வெட்டாமல் எந்த உருப்படியையும் கையை விட்டு அனுப்ப மாட்டாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கண் பார்க்குமுன் விரல் பார்த்துவிடும். தீபாவளிக்கு எழுபத்து மூன்று ரவிக்கைக்கு அதைத்தான் செய்தாள், பாதித் தூக்கத்தில். இப்போதும் தூக்கம் கண்ணைச் செருகியது. கிணறு முடிந்தது. ஆடு முடிந்தது. அடுத்தது, அடுத்தது.

சிமெண்டுத் தரையில் ஏதோ டிக்கென்று விழுந்தது. குனிந்து பார்த்தாள். தீக்குச்சி. அதில் நீல நூல் அப்படியே சுற்றியிருந்தது.

"மாதாவே!"

துணியில் நகக்கண் அளவு நூல்தான் மிச்சமிருந்தது. ஊசியில் கோக்கக்கூடக் காணாது. கையை வெட்டிப் போடலாமா என்றிருந்தது அவளுக்கு. போயும் போயும் இந்த நூலா? சொன்னாளே, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே, சொல்லிவிட்டுத்தானே போனாள்!

லூர்தம்மாளின் ஒயர் கூடை மூலையில் இருந்தது. அதில் அந்தச் சாரம். ஒரு நூலை உருவி, பழைய தையலுக்கு அடியில் முடிச்சில்லாமல் ஊசியால் கொடுத்து வாங்கிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. லூர்தம்மாளுக்குக் கண்ணில் புரை வேறு. ஒட்டுத் தெரியாமல் ஒட்டுவதற்குப் பெயர்தானே தையல்? சகாயசெல்வி நூலை உருவியும்விட்டாள், ஊசியில் கோத்தும்விட்டாள். துணியை மடியில் இழுத்தபோது, அந்தச் சின்ன நீல இடுப்பும், படகின் மேல் வைத்த இரண்டு கையும் தெரிந்தன. இதைத் தைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். நாளைக்கும், மறுநாளும், இனி வருகிற வெள்ளிக்கிழமை எல்லாம். பொய் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை. ஊசியை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

லூர்தம்மாள் இரண்டு டம்ளரில் வெறும் தேத்தண்ணியோடு வந்தாள். வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது.

"யக்கா, வெட்டிப்புட்டேன்" என்றாள் சகாயசெல்வி. "வேணும்னு இல்லக்கா. பிசிறுன்னு கை பாட்டுக்கு வெட்டிருச்சு. இம்புட்டுத்தான் மிச்சம். நீங்க அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

லூர்தம்மாள் டம்ளர்களைக் கீழே வைத்தாள். தீக்குச்சியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். துணியைத் திருப்பிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் அந்த மிச்ச நூலை நகத்தால் நெருடினாள். திட்டியிருந்தால் சகாயசெல்விக்குத் தேவலாம் போலிருந்தது.

"சாரத்துல இன்னும் நூல் இருக்குல்லக்கா. செத்த நேரத்துல வேற நூல் கோத்துத் தாரேன். நீங்க விட்ட இடத்துலருந்து தொங்க விட்டுக்கலாம்."

"நூல் கிடக்கு பிள்ளை." லூர்தம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "எனக்குத்தான் ஏலாமக் கிடக்கு."

வெளியே வரிசை இன்னும் கலையவில்லை. ஒலிபெருக்கியில் யார் யார் பெயரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பதின்மூண்டு வருஷம். ஆர் வாசல் படலையைத் திறந்தாலும் எழும்பிப் பாக்கிறது. களைச்சுப் போனன். வெட்டுவம் எண்டு எத்தினை தரம் கத்தரியை எடுத்திருப்பன்? நான் வெட்டினால் அது பெத்தவள் வெட்டினது. நீ வெட்டினது கைப்பிசகு." துணியைச் சகாயசெல்வியின் மடியில் வைத்தாள். "பிசகாவே கிடக்கட்டும். முடிச்சைப் போடு."

"நானாக்கா? என்னால முடியாதுக்கா."

"நீதான் போடோணும்."

அந்தக் குட்டி நூலில் முடிச்சு விழவில்லை. வலிக்கிற கட்டைவிரல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை, ஊசி முனையால் வளையம் எடுத்து, பல்லைக் கடித்து இறுக்கினாள். விழுந்துவிட்டது.

"என்ரை ராசா!"

அந்த முகாமில் லூர்தம்மாள் அழுது யாரும் கேட்டதில்லை. வரிசையில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். அதட்டிக்கொண்டே வந்த அதிகாரிகூட வாசலில் நின்றுவிட்டார். சகாயசெல்வி அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். வேறென்ன செய்ய?

அழுது ஓய்ந்தபோது தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணியாகியிருந்தது. லூர்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கோயில் கவர் கொண்டுவந்தனியோ?"

ஞாயிற்றுக்கிழமை இறந்தவர்களின் திருநாள். பூசையில் வாசிப்பதற்காகச் செத்தவர்கள் பெயரை எழுதி வாங்க, சகாயசெல்வி வருஷா வருஷம் கவரும் தாளும் கொண்டுவருவாள். லூர்தம்மாள் யோசேப்பு பெயரை மட்டும் சொல்வாள். வேறு யாரும் உண்டா என்று சகாயசெல்வி கேட்டதில்லை.

"கொண்டாந்திருக்கேன்க்கா."

"எழுது."

யோசேப்பு என்று எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றது.

"ஜெயசீலன். பதினாறு வயசு எண்டும் போடு."

"வயசு எழுத இதுல இடமில்லக்கா. பேரு மட்டுந்தான் வாசிப்பாங்க."

"வாசிக்காட்டி விடட்டும். பின்பக்கம் எழுது."

சகாயசெல்வி தாளைத் திருப்பி எழுதினாள்.