பெட்டி இன்னும் கஸ்டம்ஸில்

மனைவி ஜான்சி இருந்தவரை தனசிங்குக்கு மகனோடு பேச வேண்டிய வேலையே வந்ததில்லை. கனடாவிலிருந்து ஜோனத்தான் கூப்பிட்டால் அவள்தான் எடுப்பாள். அரைமணி நேரம் பேசித் தீர்த்துவிட்டு, "இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்" என்று போனை நீட்டுவாள். "சாப்டீங்களாப்பா?" "ஆச்சு. அங்க குளிரா?" "ஆமாப்பா." போன் அவளிடமே திரும்பிப் போய்விடும்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஆராதனை முடிந்து வந்ததும் கூப்பிடுகிறான். சாப்பாடும் குளிரும் முடிந்தபின் இருவரும் மூச்சு விடுவதுதான் கேட்கும். போனை நீட்டலாமென்றால் வீட்டில் வேறு ஆள் இல்லை.

மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற தனசிங்தான் செம்பாக்கம் சபையின் சம்பளமில்லாத போட்டோகிராபர். ஞானஸ்நானம், நிச்சயதார்த்தம், பாட்டுக்குழு எதுவானாலும் கழுத்தில் கேமராவோடு முன்வரிசையில் நிற்பார். இந்த மழையில் அவருடைய லென்ஸுக்குள் பூசணம் பிடித்துவிட்டது. தாம்பரத்து ரிப்பேர்க்காரர் கையை விரித்துவிட்டார். பேச வேறொன்றும் கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதை மகனிடம் சொல்லிவைத்தார். அவன் அங்கேயே யாரோ உபயோகித்த நல்ல லென்ஸ் ஒன்றை வாங்கி, கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடும் என்று கூரியரில் போட்டுவிட்டான். பெட்டி மீனம்பாக்கம் விமான நிலையம் வரை சமர்த்தாக வந்து, சுங்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

தனசிங்கின் நல்ல காலம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் ஆதார் கேட்டார்கள். அனுப்பினார். படம் தெளிவாக இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். சபையே நம்பிக் கல்யாணத்தை ஒப்படைக்கிற மனிதருக்கு ஓர் ஆதார் அட்டையை ஒழுங்காகப் படம் எடுக்கத் தெரியவில்லை. அன்று வியாழக்கிழமை. மாலை ஆறு மணிக்கு, அங்கே ஆபீஸ் போகும் ரயிலிலிருந்து, ஜோனத்தான் கூப்பிட்டான். வாரநாளில் அவன் குரலைக் கேட்டு தனசிங் பதறிப் போய்விட்டார்.

"என்னப்பா சொல்றாங்க?"

"பின்பக்கமும் வேணுமாம்டா."

மறுநாள் பில் கேட்டார்கள். அதற்கடுத்து, இது விற்பனைக்கு அல்ல, மகன் தகப்பனுக்கு அனுப்பியது என்று ஒரு கடிதம். "நான்தான் உன் அப்பான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம்" என்றார். ஜோனத்தான் வாய்விட்டுச் சிரித்தான். அது அப்படியே ஜான்சியின் சிரிப்பு. இத்தனை வருடமும் அதை அவளே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், இவர் காதுக்கு விட்டதில்லை.

தினமும் ஆறு மணி ஆயிற்று. சுங்கக் கதை பத்து நிமிடம் ஓடும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் வரும். ரயிலில் எதிரே உட்காரும் சீனக் கிழவரைப் பற்றிச் சொன்னான். சாம்பார் வைக்கப்போய்ப் புகை வந்தால் அடிக்கும் மணி அலறி, கட்டடமே கீழே இறங்கி நின்றதைச் சொன்னான். இவர் முட்டிவலியைச் சொன்னார். ஜான்சியிடம்கூடச் சொல்லாத வலி அது.

கடைசியில் தொகை வந்தது. லென்ஸ் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு வரி, அதன் தலையில் கூரியர்காரரின் கட்டணம், கிடங்கு வாடகை. "பழைய லென்ஸுக்குப் போய் இவ்ளோவா? கொள்ளைப்பா!" என்று ஜோனத்தான் கொதித்தான். தனசிங் பென்ஷன் பணத்திலிருந்து கட்டினார். கொஞ்சமும் வயிறு எரியவில்லை. சுங்கவரியை மனம் குளிர்ந்து கட்டிய மனிதர் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பெட்டி வீடு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். கத்தரிக்கோலை எடுத்தவருக்குச் சட்டென்று கை ஓடவில்லை. ஆறு மணிக்கு வந்துச்சா என்பான். வந்துச்சு என்பார். அதோடு சரி. மறுபடி ஞாயிற்றுக்கிழமை, மறுபடி சாப்பாடு, மறுபடி குளிர். கத்தரிக்கோலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

"என்னப்பா ஆச்சு?" என்று ஆறு மணிக்குக் கேட்டான்.

"இன்னும் ஏதோ பேப்பர் குறையுதாம்டா." பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

இந்தத் தடவை ஜோனத்தான் கொதிக்கவில்லை. "அப்படியா? என்ன பேப்பராம்?"

"பான் கார்டு."

புதன்கிழமை கரண்ட் பில் கேட்டார்கள். வியாழன் வீட்டு வரி ரசீது. வெள்ளிக்கிழமை பென்ஷன் புத்தகத்தையே கேட்டுவிட்டார்கள். கேட்பது அவருடைய சுங்கத்துறை ஆயிற்றே, எதை வேண்டுமானாலும் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நாடகம். தனசிங் பூசணம் பிடித்த லென்ஸோடு போய் நின்றார். சபையைப் பெருக்கிப் பூட்டுகிற எலியேசர் கேமராவை எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார், மேய்ப்பனுங்க அல்லாரும் பொகைல நிக்கிற மாதிரி கீது? புது லென்சு இன்னும் வர்லியா?"

"வரல" என்றார். நாடகத்தில் மரியாளாக நின்ற குழந்தையின் முகமே படத்தில் இல்லை. அவளுடைய தாய் ஆசையாகக் கேமராவைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அப்படியே திருப்பிக் கொடுத்தாள். தனசிங்குக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆறு மணிக்கு போன் அடித்தது. எடுத்ததும் சொல்லிவிட்டார்.

"டேய், பெட்டி வந்துட்டுதுடா."

"தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கே டெலிவரி ஆயிடுச்சுன்னு எனக்கு மெசேஜ் வந்துச்சு. உங்க கையெழுத்துகூட அதுல இருக்கு."

அறுபத்தெட்டு வயதில், பெற்ற பிள்ளையிடமே பொய் சொல்லிப் பிடிபட்டால் முகத்தை எங்கே கொண்டு வைப்பது? நல்லவேளை, இது வீடியோ கால் இல்லை. "அப்புறம் ஏன்டா தினமும் போன் பண்ணி, என்ன கேட்டாங்க, என்ன கேட்டாங்கன்னே?"

"வேற என்ன கேக்கறதுன்னு எனக்கும் தெரியலப்பா. அம்மா இருந்தா அவங்களே பேசிடுவாங்க. இங்க எனக்கு மட்டும் யார் இருக்கா?"

தனசிங் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நாளைக்கு என்ன பேப்பர் கேப்பாங்கப்பா?"

"ரேஷன் கார்டு கேப்பாங்கன்னு நினைக்கிறேன்."

"எடுத்து வைங்க. ஆறு மணிக்குக் கூப்பிடறேன்."