லேட் கருப்பு

பவதாரிணி ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் அப்பாவின் ஆதார் அட்டையை வைத்துப் படம் எடுத்தாள். வீட்டில் வேறு சமமான இடம் காலியாக இல்லை. கண்ணாடிக்கு அடியில் அப்பாவின் நெற்றி தெரிந்ததால் முதல் படம் சரியாக வரவில்லை. அட்டையை ஓரத்துக்கு நகர்த்தி இன்னொன்று எடுத்தாள்.

"பொணத்து மேல வச்சா போட்டோ புடிப்ப?" என்றார் காளை சித்தப்பா.

"பொட்டி மேல சித்தப்பா. கோர்ட்டுக்கு அனுப்பணும்."

"அவன் வந்துதான் ஆகணுமாக்கும். ஏன், கொள்ளி நான் வைக்க மாட்டனா?"

"அண்ணன் வந்தா அண்ணன் வைக்கும். வரலேன்னா நீங்க வைங்க."

"நாலு மணிக்கு எடுத்துருவோம். சொல்லிப்புட்டேன்."

"சரி, நாலு" என்றாள். மணி பத்து இருபது. ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம் இருந்தது. போதும்.

அப்பா அதிகாலையில் குழாயடியில் குடத்தை நிரப்பிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அம்மா அழத் தொடங்கியபோது பவதாரிணி வாசல் படியில் உட்கார்ந்து போனில் மனுவின் முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தாள். தனக்கும் அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

அவள் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு அரசே வக்கீல் தரும் சட்ட உதவி அலுவலகத்தில் மூன்று மாதமாகச் சம்பளமில்லாத இன்டர்ன். புதன்கிழமைதோறும் ஜெயிலுக்குப் போய், புதிதாக வந்தவர்களின் பெயர், வழக்கு எண், வீட்டு ஆளின் போன் நம்பர் ஆகியவற்றைப் படிவத்தில் எழுதி வருவாள். வீட்டில் சாவு விழுந்த விசாரணைக் கைதியைச் சடங்குக்கு அனுப்பச் சொல்லும் மனுவை நான்கு முறை தட்டச்சு செய்திருக்கிறாள். நான்கிலும் அன்றைக்கே உத்தரவு கிடைத்தது.

இது ஐந்தாவது. அவளுடைய அண்ணன் அருண்பாண்டிக்கு.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் நடந்த அடிதடி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் அவன் மூன்றாவது ஆள். நான்கு மாதமாக உள்ளே இருந்தான். அவன் வழக்கும் அதே அலுவலகத்தில்தான். பவதாரிணி சேர்ந்த அன்றே வக்கீல் அன்னக்கொடி, "ஒங்க அண்ணன் கேஸ் கட்டு ஒன் மேசைக்கு வராது. நீயும் எங்கிட்ட அதப் பத்திக் கேக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார். அவள் கேட்டதில்லை. ஜெயிலில் அவன் இருந்த பக்கத்துக்கு வேறொரு இன்டர்ன் போவான்.

காலையில் கூப்பிட்டபோது அன்னக்கொடி, "இன்னைக்கு நீ இன்டர்ன் இல்லம்மா, கட்சிக்காரர் வீட்டு ஆளு. மனு நான் போட்டுக்கிறேன். கேக்குறத மட்டும் அனுப்பு" என்றார். எழுதிய வரியைப் பவதாரிணி அழித்தாள்.

பதினொன்றரைக்கு அன்னக்கொடி கூப்பிட்டார். பின்னால் கோர்ட் வராந்தாவின் இரைச்சல்.

"பவா, ஒரு சிக்கல். ரிமாண்ட் பேப்பர்ல அப்பா பேருக்கு முன்னாடி லேட்டுன்னு இருக்கு. நாலு மாசத்துக்கு முன்னாடியே செத்தவரு இன்னைக்கு எப்படிச் சாவாருன்னு அரசு வக்கீல் கேக்குறாரு."

"டாக்டர் சர்டிபிகேட் இருக்கே மேடம்."

"கருப்புன்னு ஒருத்தர் எறந்தாருன்னுதான் அதுல இருக்கு. பெரியப்பனா இருக்கலாம், சித்தப்பனா இருக்கலாம்ங்கிறாரு."

"ரேஷன் கார்டு?"

"அதுல அப்பா யாருன்னு தெரியும். எப்பச் செத்தாருன்னு தெரியாதே. ஸ்டேஷன்ல விசாரிச்சு ரிப்போர்ட் தரட்டும், நாளைக்கு வச்சுக்குவோம்ங்கிறாரு. ஜட்ஜம்மா ரெண்டே காலுக்குத் தள்ளி வச்சிருக்காங்க. இந்த நாலு மாசத்துல அவரு உசுரோட இருந்தாரு, இவனுக்கு அப்பன் அவருதான்னு, ரெண்டையும் சொல்ற மாதிரி கவர்மெண்ட் பேப்பர் ஏதாச்சும் இருக்கா, தேடு."

அந்த 'லேட்' போலீஸ் போட்டதில்லை. ஸ்டேஷனில் அப்பா பேர் கேட்டபோது, "கருப்பு. செத்துட்டாரு" என்று அருண்பாண்டியே சொன்னான். அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்திருப்பான் என்று பவதாரிணி அப்போது அப்பாவிடம் சொன்னாள். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. ரிமாண்ட் காகிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியதும் அவள்தான். அந்த ஒரு சொல்லை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்.

"சரி. அவனுக்கு நான் லேட்டு. எனக்கு அவன் லேட்டு" என்றார். அம்மாவிடம், "ஜெயிலுக்குப் போனின்னா இந்த வாசப்படி மிதிக்காத" என்றார்.

அதன் பிறகு கப்பலூர் கம்பெனியிலிருந்து லோடு இறக்க ஆள் கேட்டு யார் போன் செய்தாலும், "லேட் கருப்பு பேசுறேன், சொல்லுங்கண்ணே" என்றுதான் எடுப்பார். ஆட்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மகன் பேரை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது.

"உசுரோட இருந்த அப்பன செத்தான்னு சொன்னான்ல" என்றார் சித்தப்பா. "இப்ப அனுபவிக்கட்டும்."

பவதாரிணி பீரோவைத் திறந்தாள். பாஸ்புக், கேஸ் புத்தகம், வாக்காளர் அட்டை. எதிலும் இருவர் பேரும் இந்த நான்கு மாதத் தேதியும் சேர்ந்து இல்லை. பீரோவைச் சாத்தினாள். ஆணியில் அப்பாவின் சாப்பாட்டுப் பை தொங்கியது.

பையில் காலி டிபன் பாக்ஸ், துண்டு, பிரிக்காத சலவை சோப்பு இரண்டு. அடியில் பாலிதீன் கவரில் மடித்த காகிதங்கள். அப்பாவின் ஆதார் ஜெராக்ஸ். மூன்று காப்பி. இரண்டில் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாவதன் கீழே அப்பாவின் கோணல் எழுத்தில் ஒரு நான்கு இலக்க எண். அதற்குக் கீழே, 'அருண்பாண்டி – மகன்'. வருகிற வெள்ளிக்கிழமையின் தேதி.

ஜெயில் வாசலில் வரிசையில் நிற்பவர்கள் கையில் இப்படிப்பட்ட காகிதத்தை அவள் ஒவ்வொரு புதன்கிழமையும் பார்க்கிறாள்.

அவள் இன்டர்னாகச் சேர்ந்த வாரம் அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருந்தார்.

"ஏம்மா, ஜெயில்ல மனு போட்டு ஆளப் பாக்கணும்னா என்னென்ன கேப்பாங்க?"

"ஏம்ப்பா?"

"கம்பெனில ஒருத்தன் கேட்டான்."

"ஒரு தடவைக்கு ஒரு ஆதார் காப்பி. கீழ கைதி நம்பர், ஒறவு மொற, தேதி எழுதணும். இல்லேன்னா திருப்பி அனுப்பிருவாங்க. புதன்கிழமை கூட்டமா இருக்கும்னு சொல்லுங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை போகச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு வார விடுமுறை. அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமையும் வேலை இருக்கிறது என்று பையோடு கிளம்பினார்.

பவதாரிணி காகிதத்தை ஐஸ் பெட்டி மேல் வைத்துப் படம் எடுத்தாள். அனுப்பிவிட்டு அன்னக்கொடியைக் கூப்பிட்டாள்.

"மேடம், அப்பா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மனு போட்டு அண்ணனப் பாத்திருக்காரு. ஜெயில் ரெஜிஸ்டர்ல இருக்கும். தந்தைன்னு போட்டு, போட்டோ, கையெழுத்து எல்லாம்."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இப்பத்தான் தெரியும்."

"சரி. போன வெள்ளிக்கிழமை வந்து பாத்தது யாருன்னு அரசு வக்கீலையே ஜெயிலுக்கு போன் போட்டுக் கேக்கச் சொல்றேன். வேறொண்ணும் தேட வேணாம். போய் அம்மா பக்கத்துல ஒக்காரு."

அம்மா அழுகையை நிறுத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கடி போயிருக்காரு?"

பவதாரிணி காகிதத்தைக் காட்டினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அடியில் இருந்த எழுத்து யாருடையது என்று தெரிந்தது. அதன் மேல் விரலை வைத்தாள்.

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமாம்மா."

"வியாழக்கிழமை ராத்திரி சோப்பு வாங்கிட்டு வருவாரு. காலையில தேடுனா இருக்காது" என்றாள் அம்மா. "ஒன்னையத்தான் திட்டுனேன்."

இரண்டு நாற்பதுக்குச் செய்தி வந்தது. 'உத்தரவு ஆச்சு. காவலோட மூணு மணி நேரம். ரெஜிஸ்டர்ல பன்னெண்டு தடவ இருக்கு.'

நான்கு மணிக்குக் கொட்டுக்காரர்கள் எழுந்தார்கள். சித்தப்பா தோள் துண்டை இடுப்பில் கட்டினார்.

"மணி ஆச்சு, தூக்குங்கப்பா."

பவதாரிணி பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். இத்தனை ஆண்களுக்கு முன்னால் அவள் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"வேன் காளவாசல் தாண்டிருச்சு சித்தப்பா. இருபது நிமிசம்."

"நாலுன்னு ஒத்துக்கிட்டீல?"

"ஒத்துக்கிட்டேன். அப்பா பன்னெண்டு தடவ போயி அண்ணனப் பாத்திருக்காரு. நீங்க இருபது நிமிசம் பாருங்க."

"யாரு? இவனா?" சித்தப்பா பெட்டியைப் பார்த்தார். "பன்னெண்டு தடவையா? மகன் பேரச் சொன்னதுக்கு என்னைய டீக்கடையில வச்சு அடிக்க வந்தான்." துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். கொட்டுக்காரர்கள் பக்கம் திரும்பி, "ஒக்காருங்கடா, டீ வருது" என்றார்.

வேன் நான்கு இருபத்தைந்துக்கு வந்தது. பந்தலுக்கு வெளியே விலங்கைக் கழற்றினார்கள். அருண்பாண்டி மெலிந்திருந்தான். சட்டை வெள்ளையாக இருந்தது. நன்றாகத் துவைத்த சட்டை. பெட்டியின் அருகில் வந்து நின்றான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மொட்டை போட உட்கார்ந்தபோது பவதாரிணி தண்ணீர் கொண்டுபோனாள். அவன் தலையைக் குனிந்தபடியே பேசினான்.

"மொத நா வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? லேட் கருப்பு வந்திருக்கேன்டான்னாரு."

சவரம் செய்தவர் சிரித்துவிட்டுக் கத்தியைத் தள்ளிப் பிடித்தார்.

"போன வாரம் சோப்ப மறந்துட்டாரு" என்றான் அருண்பாண்டி. "அடுத்த வாரம் ரெண்டாக் கொண்டாரேன்னாரு."

பவதாரிணி சொம்பைச் சாய்த்து அவன் தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் காவலுக்கு வந்த எஸ்.ஐ. உத்தரவின் பின்பக்கம் கையெழுத்துக் கேட்டார். அவள் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அப்பா பேருக்கு முன்னால் இருந்த 'லேட்' ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் சின்னதாக நீதிபதியின் சுருக்கொப்பம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வேன் கிளம்பியது.

ஐஸ் பெட்டியை எடுத்துப் போயிருந்தார்கள். அது இருந்த இடத்தில் ஈரம் நீள்சதுரமாகக் காயாமல் கிடந்தது. வந்த பெண்கள் வெளியே வீட்டைக் கழுவத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டுத் தன் ஆதார் அட்டையை எடுத்து வந்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்துப் பவதாரிணியிடம் நீட்டினாள்.

"எத்தன காப்பிம்மா?"

"அவரு எத்தன எடுத்தாரோ அத்தன எடு."

பவதாரிணி அப்பாவின் பையை ஆணியிலிருந்து எடுத்தாள். டிபன் பாக்ஸைக் கழுவப் போட வெளியே வைத்தாள். சோப்பையும் எடுக்கப் போனபோது அம்மா தடுத்தாள்.

"அது பையிலயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு வரிசையில நிக்கணும்?"