பதினோரு இரும்பு மாத்திரைகள்

ஸ்கேன் அறை வாசலிலேயே அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். உள்ளே இருப்பது இரண்டாவது பிள்ளை, ஏழு மாதம். முதல் பிள்ளை பிறந்த எட்டாம் நாளே போய்விட்டது. கல்லீரல் முழுக்க இரும்பு படிந்துவிட்டது என்றார்கள். இரும்பாம்! அதென்ன பிள்ளையா, பழைய இரும்புக் கதவா?

அவளுடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் பிள்ளையின் ஈரலைத் தாக்கியதால் வந்த வினை அது, மாத்திரை மேல் பழி இல்லை என்று டாக்டரம்மா பத்து தடவை சொல்லியிருந்தார். அதைத் தடுக்கத்தான் இந்த முறை வாராவாரம் மருந்து ஏற்றினார்கள். இவளும் தலையைத் தலையை ஆட்டினாள். மனசு கேட்டால்தானே? முதல் தடவை ஒருநாள் தவறாமல் இரும்பு மாத்திரை விழுங்கியவள் அவள். நம் வாயாலேயே விழுங்கிப் பிள்ளையைக் கொன்றோம் என்ற நினைப்பு போகவே இல்லை.

"உள்ள இருக்கிறது பெரிய காந்தம்மா. பையில எதுவும் இருக்கக் கூடாது, எல்லாத்தையும் இதுல போடுங்க," என்று ஸ்கேன் எடுக்கும் அக்கா ஒரு தட்டை நீட்டினாள்.

தோடு, ஹேர்பின், சாவி. அதற்குமேல் கை பையைவிட்டு வர மறுத்தது. மாத்திரையைக் காந்தம் இழுக்குமோ? இழுத்துப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கசங்கிய காகிதப் பொட்டலத்தை எடுத்துத் தட்டில் போட்டாள். அது பிரிந்துகொண்டது. சாயம் போன பதினோரு சிவப்பு மாத்திரைகள்.

பக்கத்தில் நின்ற கணவன் பார்த்தான். தினமும் சாப்பிட்டதும் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்பவன் அவன்தான்.

"நீ முழுங்கவே இல்லையா?"

"நாக்குக்கு அடியில வச்சுக்குவேன். தூக்கிப் போட்டது போக மிச்சம்தான் இது. இந்தப் பிள்ளையும் போயிடுமோன்னு பயமா இருந்துச்சுங்க."

அவன் தட்டில் கிடந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினான். அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

குழாய்க்குள் தடதடவென்று சத்தம். "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க." பிடித்தாள். பிள்ளை ஓர் உதை விட்டது. "ஆடிடுச்சு, மறுபடி எடுக்கணும்." இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. எதையோ பார்த்துவிட்டார்கள், சொல்ல மனமில்லாமல்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள் என்று தோன்றியது.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். "ஈரல்ல இரும்பு இருக்கு..."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். கணவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"முழுசாக் கேளும்மா! இந்த மாசத்துல பிள்ளைக்கு இருக்க வேண்டியதுதான். போன தடவை கணையத்துலயும் படிஞ்சிருந்துச்சு, இதுக்கு அங்க சுத்தமா இருக்கு. நாலு வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம். இப்ப என் கவலை நீதான். ரத்தம் இவ்வளவு இறங்கிக் கிடக்கே! பிள்ளை தனக்கு வேண்டியதை உன்கிட்டயிருந்து எடுத்துக்கிச்சு. உனக்குத்தான் மிச்சமில்ல."

வெளியே வந்ததும் கணவன் புது அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினான். அவளிடம் நீட்டினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. தண்ணீர் வாங்கி விழுங்கினாள். அவன் கேட்காமலே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"இன்னொரு தடவை காட்டு," என்றான்.