ஏரிக்குள் ஒரு கதவு

எங்கள் தெருவில் வீடுகள் நடக்கும். நம்பாவிட்டால் கள்ளக்குறிச்சியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அப்படி ஒரு தெருவே இல்லை என்பார்கள். அதுவும் உண்மைதான். கோடையில் ஏரி வற்றியதும் எங்கள் வீடுகள் மெல்ல உள்ளே இறங்கி, மண் மெத்தென்று இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். கல்வராயன் மலையில் மழை பிடித்தால் எழுந்து கரையேறிவிடும். சோம்பேறி வீடுகள் சில அங்கேயே நின்று, கெளுத்தி மீன்களுக்கு வாடகைக்குப் போனதும் உண்டு.

கரைமேலேயே இருப்பவர்கள் தகரக் கூரைக்காரர்கள். அவர்கள் எங்களிடம் பெண் எடுக்க மாட்டார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் லைன் வீட்டுக்காரர்கள். தெருவுக்கே ஒரு கக்கூஸ்தான் என்றாலும் அதற்குத் தாழ்ப்பாள் உண்டு. அந்தப் பெருமையில் எங்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாங்கள் பேனர் கூரைக்காரர்கள். என் தலைக்கு மேல் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் பல வருஷமாக மாலையும் கழுத்துமாகச் சிரிக்கிறார்கள். போன மழையில் மாப்பிள்ளைக்கு மீசை கரைந்துபோயிற்று. பெண் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு இருசப்பன், மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவன். அவன் பெண்டாட்டி ராஜாம்பாளுக்கு ஒரே ஓர் ஆசை. அவனிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"கதவச் சாத்திக்கினு குளிக்கணும் மாமா. அவ்ளோதான். பொடவ மறைப்புல குந்திக்கினு, ஒரு கண்ண வெளியவே வச்சிக்கினு குளிக்கிறதுலாம் ஒரு குளியலா?"

இடித்த வீடு ஒன்றிலிருந்து இரும்புக் கதவும் நிலையும் பூட்டும் வாங்கிவந்து நட்டாள். சுவர் மட்டும் பேனர்தான். தெரு ஆடுகள் கதவுக்கு மரியாதை கொடுத்து, சுவர் வழியாக வந்து போயின.

சித்திரையில் கோகிலவாணி என்ற பெண் கணக்கெடுக்க வந்தாள். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் அரசாங்கம் வீடு கொடுக்குமாம். காய்ந்த ஏரிக்குள் நின்ற கதவின் முன்னால் ராஜாம்பாளை நிறுத்திப் போனில் படம் எடுத்தாள். இடமும் அதில் பதிந்துவிடும், மறுபடி வந்து அதே இடத்தில் இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றாள். அன்றே ராஜாம்பாள் மனசுக்குள் மாடியில் குளிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுபடி வரும் நாள் ஐப்பசியில் விழுந்தது. அதற்குள் மலைத் தண்ணீர் வந்து ஏரி தளும்பியது. வீடும் வழக்கம்போல் நடந்து கரைக்கு வந்துவிட்டது. ராஜாம்பாள் போன் போட்டுச் சொன்னாள். "அந்த எடத்துல வூடு இல்லன்னா போன் ஏத்துக்காதுக்கா" என்றாள் கோகிலவாணி.

"அப்ப வூட்டத் திருப்பி எடுத்துக்கினு போய்யா" என்றாள் ராஜாம்பாள் புருஷனிடம்.

"தண்ணிக்குள்ளயா?"

"இடுப்பளவுதான? கப்பலா ஓட்டப் போற?"

"மொதல்ல கதவ நடு. வூடு பின்னாலயே வந்துரும்" என்றேன் நான்.

நட்டான். வீடும் வந்தது. ராஜாம்பாள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, இடுப்புத் தண்ணீரில் வாசலில் நின்றாள். தகரக் கூரைக்காரர்கள்கூட வேலைக்குப் போகாமல் வேடிக்கை பார்த்தார்கள். கோகிலவாணி செருப்பைக் கரையில் விட்டு, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தாள். நல்ல பெண்.

"எடம் சரியா இருக்குதுக்கா. படம் ஏறிடுச்சு."

கரையில் விசில் பறந்தது. அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீர்நிலைக்குள்ள வூடு, தகுதி இல்லன்னு வருதுக்கா."

"சித்திரையில இதே எடம் தான?"

"அப்ப தண்ணி இல்லியேக்கா."

யாரும் சிரிக்கவில்லை. நான்கூட. கோகிலவாணி ஈரப்புடவையைப் பிழிந்துகொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் காற்று வந்து பேனர்களைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. நடு ஏரியில் கதவும் நிலையும் மட்டும் நின்றன. இருசப்பன் அதைப் பிடுங்கி வர இறங்கினான்.

"அது அங்கியே இருக்கட்டும். இன்னொரு தபா வந்து பாப்பாங்க" என்றாள் ராஜாம்பாள். முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். "தொறந்து கெடக்குது பாரு. பூட்டிக்கினு வா."

அவன் தண்ணீருக்குள் நடந்து போய்க் கதவைச் சாத்திப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான். கொஞ்சதூரம் வந்தவன், திரும்பிப் போய் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.