உறவு எப்போது ஆரம்பித்தது?

என் கணவர் வரதராஜாவின் விசா நேர்காணலுக்கு முதல்நாள் பவளம் அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்து வகுப்பெடுத்தார். எங்கள் ஊரான டூங்கபியில் யாருக்கு நேர்காணல் வந்தாலும் டியூஷன் அவர்தான்.

"உங்களுக்குள்ள உறவு இருக்கோ எண்டு கேப்பினம். வெக்கப்படாமல் ஓம் எண்டு சொல்லுங்கோ. கட்டிலும் ஒண்டு எண்டு சொல்லுங்கோ."

எங்கள் வீட்டில் கட்டில் இரண்டு, அறையும் இரண்டு. கல்யாணத்துக்கு முன்பே ஸ்கைப்பில் அவரிடம் உள்ளதைச் சொல்லியிருந்தேன். எனக்கு அந்த ஆசை யார்மீதும் வந்ததில்லை, இனி வருமென்றும் தோன்றவில்லை.  அவர், "எனக்கும் அதில பெரிய நாட்டமில்லை, கமலினி. கதைக்க ஒரு ஆள் வேணும்" என்றார். அது உண்மையா, என் மனம் நோகாதிருக்கச் சொன்னதா என்பது எனக்கு விளங்கவே இல்லை. கேட்கவும் பயம்.

அன்ரி போனதும், "ஒரு பொய்யும் சொல்லக்கூடாது" என்று அவரைக் கண்டித்து வைத்தேன். பொய் பிடிபட்டால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் இல்லாத வீட்டில் இனி இருக்க என்னால் முடியாது.

நேர்காணல் அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அதிகாரி ஒரு இளம்பெண். மொழிபெயர்ப்பாளர் சேஷாத்ரி, தமிழ்நாட்டுக்காரர், மெல்பேர்னிலிருந்து ஸ்பீக்கர் போனில் பேசினார். அதிகாரி கேட்டதை அவர் சுத்தத் தமிழில் சொன்னார்.

"உங்களுக்குள் உறவு எப்போது ஆரம்பித்தது?"

வரதராஜா என்னை ஒருதரம் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்களுக்குள்ள உறவு இன்னும் ஆரம்பிக்கேல்லை. பொய் சொல்ல விருப்பமில்லை."

சேஷாத்ரி அதை அப்படியே ஆங்கிலமாக்கினார். இவர்களுக்கிடையில் உறவே இல்லையாம். அதிகாரி பேனாவை மூடி வைத்தாள்.

அந்த நிமிஷம் மூன்று பேர்மீதும் எனக்குக் கொலைவெறி வந்தது. அன்ரியையும் சேர்த்தால் நாலு. "அவர் சொன்னது வேறு உறவு!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். எந்த உறவு என்றாள் அதிகாரி. என்னைப் பெற்றவளிடமும் சொல்லாததை அங்கே சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஆசை வராதவர்களுக்கென்று இன்டர்நெட்டில் படித்த சொல்லைத் தேடியெடுத்து, "ஐ ஆம் அசெக்ஸுவல்" என்றேன். என் உச்சரிப்பு அவளை மேலும் குழப்பியது. "எ செக்ஸுவல்... வாட்?" என்றாள். ஒரு சொல்லையும் நம்ப முடியாத நாளாகப் போய்விட்டது. கட்டில், அறை, ஸ்கைப் எல்லாவற்றையும் முகம் எரிய எரிய விளக்கினேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். "அதை நான் கேட்கவே இல்லையே. சேர்ந்து வாழ்கிறீர்களா என்பதுதான் சட்டத்துக்கு முக்கியம். நீங்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ள இங்கே இடமும் இல்லை" என்றாள்.

இல்லாத கேள்விக்கா இரவு முழுக்க நித்திரை கெட்டேன்? அது நிம்மதிதான். ஆனால் சட்டத்தில் எனக்கு ஒரு பெயர்கூட இல்லையே என்று கோபமும் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகு அவள் வரதராஜாவிடம், வீட்டில் ஒருநாள் எப்படிப் போகும் என்று கேட்டாள்.

"காலமை இவவுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுப்பன். பின்னேரம் ஸ்டேசன் வாசல்ல நிண்டு கூட்டிக்கொண்டு வருவன். சமைக்கேக்க சண்டை பிடிப்பம்."

அவள் மறுபடி பேனாவைத் திறந்தாள். அடுத்த மாதம் விசா வந்துவிட்டது.

ஆனால் அன்றைக்கு ரயிலில் அது எங்களுக்குத் தெரியாது. பரமட்டா ஸ்டேசன் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"உண்மையா அவ என்னத்தைக் கேட்டவ?" என்றார்.

"நாங்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் எண்டு எப்ப ஆனனாங்கள் எண்டு."

"சீ, அதுவோ? அது எனக்குத் தெரியுமே. நீர் ஸ்கைப்பில உள்ளதைச் சொன்னீரே, அண்டைக்குத்தான்."